இரவு ஷிப்டு வீடு

ஆறு மணிச் சங்கு ஊதி
தேயிலைத் தூள் ஒட்டிய புருவத்தோடு
நான் படியேறும்போது
ஜெபமணி அக்கா வீட்டுச் சேவல் கூவும்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
எதுவும் சத்தம் போடக்கூடாது.

குக்கர் விசிலடிக்கும் முன்னே
நிரோஷா அடுப்பை அணைத்துவிடுவாள்.
அரைவேக்காட்டுப் பருப்புக்கு
நாக்கு பழகி மூன்று வருஷம்.
கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய்.
எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே
என் பழைய பனியன் துண்டுகள்.
மிதுனாவுக்கு மட்டும்
எங்கே என்ன வைப்பதென்று தெரியவில்லை.

மூன்றரை வயது.
பேசக் கற்றபோதே
ரகசியமாய்த்தான் கற்றாள்.
"அம்மா, எறும்பு" என்பதையும்
"ஆய் வருது" என்பதையும்
தேர்தல் நேரத்துக் கட்சிக்காரர் மாதிரி
காதருகே வந்துதான் சொல்வாள்.
பாப்பாவுக்கு எப்பப் பார்த்தாலும்
தொண்டை கட்டியிருக்கே என்று
அங்கன்வாடி டீச்சர் கேட்டார்.
ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தனுப்பினார்.
அதில் ரசம் வைத்தோம்.

ஆனி பிறந்தால் சேரம்பாடியில்
துணி காயாது, சுவர் காயாது,
தகரக் கூரைமேல் நாள் முழுக்க
லாரி லாரியாய் ஜல்லி கொட்டும்.
ஒரு மத்தியானம்
போர்வைக்குள் கிடந்தபடி பார்த்தேன்.
முக்காலிமேல் ஏறி நின்று
கூரையை அண்ணாந்து
உதட்டில் விரல் வைத்தாள்:
"ஷ்ஷ்... அப்பா தூங்குறாங்க."
மழை கேட்கவில்லை.
"சொன்னா கேக்க மாட்டியா?
உனக்கு இன்னைக்கு பிஸ்கட் கிடையாது."
சிரித்தால் விழித்திருப்பது தெரிந்துபோகும்.
தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

பலா பழுக்கும் மாதமும் இதுதான்.
லயத்துக்குப் பின்னால் யானை வரும் ராத்திரிகளில்
நான் ஃபேக்டரியில் இருப்பேன்.
சட்டைப் பையில் போன் அதிரும்.
பகலெல்லாம் பேசிப் பழகிய
அதே தாழ்ந்த குரலில் நிரோஷா:
"வந்திருக்கு. ரெண்டு. லைட்ட அணைச்சிட்டோம்."
ரோலர் இரைச்சலில் பாதி கேட்காது.
கேட்காத பாதியை
விடியும்வரை நானே
விதவிதமாய்ச் சொல்லிப் பார்ப்பேன்.

போன வாரம்
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
மிதுனா அம்மாவிடம் கேட்டது
எனக்கும் கேட்டது.
"யானை வந்தா மெதுவா பேசணும்.
அப்பா வந்தாலும் மெதுவா பேசணும்.
அப்பாவும் யானையா?"

கேரட் நறுக்கும் சத்தம் நின்றது.
கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு மறுபடி
டக், டக் என்று கேரட்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.
யார் வேலியை மிதித்தேன்,
எந்த மரத்தை உலுக்கினேன் என்று
கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, வார லீவு.
மடியில் உட்கார வைத்துச் சொன்னேன்:
"இன்னைக்குக் கத்து பாப்பா,
எவ்ளோ வேணும்னாலும் கத்து."
அம்மாவைப் பார்த்தாள்.
கட்டிலைப் பார்த்தாள், காலியாகத்தான் இருந்தது.
இருந்தாலும் நம்பிக்கையில்லாமல்
என் காதைப் பிடித்து இழுத்து
மூச்சிலேயே
"ஆஆஆஆ" என்று கத்தினாள்.
காது மடல் ஈரமானது.
இன்னும் கூசுகிறது.

அந்த ராத்திரி
உலகமே தூங்கும் நேரத்தில்
தூங்கத் தெரியாத உடம்போடு நான்.
என் வயிற்றின்மேல் அவள் கால்.
ஈரச் சாக்ஸ் வாடை.
ஜன்னல் இடுக்கு வழியே
பலாப்பழ வாசனை கனத்து வந்தது.
கிளை முறிந்தது.
கீழே ஒன்று பொத்தென்று விழுந்தது.
அப்புறம் நிதானமாய்
மெல்லும் சத்தம், இரண்டு வாய்.

நிரோஷா என் கையைப் பிடித்தாள்.
ஒன்றும் பேசவில்லை.

அப்போதுதான் மிதுனா தூக்கத்தில்,
இந்த மூன்றரை வருஷத்தில்
நான் ஒருமுறையும் கேட்டிராத முழுத் தொண்டையில்,
"அது என் பிஸ்கட்டு!" என்று அலறினாள்.

ஜெபமணி அக்கா வீட்டில்
யாரோ ஏசுவே என்றார்கள்.
வெளியே மெல்லும் சத்தம் நின்றது.
அவள் வாயைப் பொத்தத் தூக்கிய கை
பாதியில் நின்றது.

பிறகு இருட்டில்
காது அசைகிற சத்தம்.
பிறகு மறுபடி
பலாப்பழம்.