ஐந்தாம் வகுப்பின் முறை

ஒன்பது பத்துக்கு மணி.
வேப்பங்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை
கிதியோன்தான் அடிப்பான்,
அவனுக்குத்தான் எட்டும்.

கண்ணை மூடினால் ராணிப்பேட்டை
இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது:
சுண்ணாம்பில் ஊறும் தோலின் வாடை,
சிப்காட் லாரி,
முன்வரிசையில் யாருக்கோ சளி.

திங்கட்கிழமை ஜெபம் கெஜலட்சுமி.
"ஆண்டவரே, எங்க கெணத்துத் தண்ணி மஞ்சளா வருது.
அம்மா கையெல்லாம் புண்ணு.
அந்தக் கம்பெனிய மூடிடுங்க."
நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து
ஆமென்.

வியாழன் மாலை கேட்டில் சீல்.
அரக்கு இன்னும் காயவில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை யூனுஸ்.
அவன் கை கூப்புவதில்லை, ஏந்துவான்.
தெபோராள் டீச்சர் அதைத் திருத்தியதும் இல்லை.
"ஆண்டவனே, அப்பா வீட்லயே குந்திகினு இருக்காரு.
யார்கிட்டயும் பேச மாட்றாரு.
கம்பெனியத் தொறந்துடு."

நூற்றுப் பதினோரு பேர் ஆமென் என்றார்கள்,
அதே சத்தத்தில்.
நான் கண்ணைத் திறந்தேன்.
மூன்றாவது வரிசையில்
கெஜலட்சுமியும் திறந்திருந்தாள்,
ஒரு கண்ணை மட்டும்.
என்னைப் பார்த்தாள்,
யூனுஸின் காலைப் பார்த்தாள்
(ஒரு செருப்புக்கு வார் இல்லை).
பிறகு, எல்லாரும் கொடியைப் பார்க்கத் திரும்பியபின்,
தனியாக, மெதுவாக
ஆமென்.

அடுத்த வாரம் ஆசிரியர்களின் முறை.
கரும்பலகையில் என் பெயரை எழுதிவிட்டான் கிதியோன்,
ஒற்றெழுத்தை விட்டுவிட்டு.
திருத்தச் சொல்லவில்லை நான்.
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.