பத்தொன்பதாம் நாள்

தக்கலை, மேட்டுக்கடை, மாடி வீடு.
தெற்கு ஜன்னலைத் திறந்தால்
கை நீட்டும் தூரத்தில் விஜிலா வீட்டுச் சுவர்.
வடக்கே புகைப்புரை,
ரப்பர் ஷீட் காயும் வாடை.
வெயில் இந்த அறைக்கு வருவது
காலை ஏழே முக்காலுக்கு, பத்து நிமிடம்,
அதுவும் பீரோவின் தலையில்.

ஆகவே டியூப் லைட் வாங்கினேன்.
ஆகவே பன்னிரண்டு தயிர்க் கிண்ணம்,
தேங்காய் நார்த்தூள்,
நாகர்கோவிலில் ஒரு பொட்டலம் குடமிளகாய் விதை.
அட்டைப் படத்தில் காய் சிவப்பு,
எண்ணெய் தேய்த்த கன்னம் போல.

எட்டாம் நாள்
முதுகு வளைத்து மண்ணைத் தள்ளி எழுந்தன.
அன்று எனக்கு நைட் டியூட்டி.
ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டும்போது
தானாகச் சிரித்திருக்கிறேன்.
ஜெர்லின் கேட்டாள்:
"என்னட்டி, லாட்டரி அடிச்சிட்டா?"

பத்தொன்பதாம் நாள்
ஒன்று படுத்துக் கிடந்தது.
தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்
நூல் கட்டி இறுக்கிய மாதிரி ஒரு ஒடுக்கம்.
மற்றதெல்லாம் வெளிறி, நீண்டு,
கோட்டார் தேர் பார்க்கப்
பின்வரிசையில் எம்பும் பிள்ளைகளாய்
விளக்கை நோக்கிக் கழுத்தை நீட்டின.
இரண்டில் இலை மஞ்சள்.

மஞ்சளை எனக்குத் தெரியும்.
பிறந்து மூன்று நாளான குதிகாலில் குத்தி
சொட்டு ரத்தம் எடுத்து
பிலிருபின் எத்தனை என்று எழுதி அனுப்புகிறவள் நான்.
மேல் மாடியில் நீல விளக்கின் அடியில்
கண்ணைக் கட்டிக் கிடத்துவார்கள்.
இரண்டு நாளில் தோல் தெளியும்.
இது எந்த மஞ்சள்?
பசியா, குளிரா, நான் கொடுத்த ஏதோவா?
கிண்ணம் அழுவதும் இல்லை.

பசி என்று முதலில் நினைத்தேன்.
உரம் கரைத்து ஊற்றினேன். இலை நுனி கருகியது.
தாகம் என்று பிறகு நினைத்தேன்.
காலை வெள்ளம், மாலை வெள்ளம்,
டியூட்டி முடிந்து வந்து
செருப்பைக் கழற்றும் முன்னே ஒரு டம்ளர் வெள்ளம்.
இரண்டாவது சாய்ந்தது.
மூன்றாவது, ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள்.

தோஹாவிலிருந்து வீடியோவில் செல்வின்
முதலில் கரண்ட் பில்லைக் கேட்டான்.
அப்புறம், "அதுகளைக் கொஞ்சம் காட்டு" என்றான்.
ஃபோனைக் கிண்ணத்தருகே பிடித்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"வெளக்கு எங்க?"
மேலே, உத்தரத்தில்.
"அவ்வளவு தூரத்துல இருந்தா
எப்படிப் பிள்ளே பிழைக்கும்?"
சொன்ன பிறகு அவனும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
நெட் போய்விட்டது என்று
இரண்டு பேரும் நினைத்திருக்கலாம்.

விளக்கை இறக்கினேன்,
பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டி,
ஒரு சாண் உயரத்துக்கு.
கிண்ணங்களின் அடியில் துளையிட மறந்திருந்தேன்.
மறக்கவில்லை.
மொசைக் தரை கறைபடும் என்று இடாமல் விட்டேன்.
கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
ஒவ்வொன்றுக்கும் மூன்று.
கறுத்த வெள்ளம் வடிந்தது, அழுகிய முட்டை வாடை.
இத்தனை நாளும் இதற்குள்தான்
வேர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன.
நான் பாசம் என்று நினைத்ததற்குள்.

டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்து ஒன்றில் ஓடவிட்டேன்.
அதற்கு மேல் வைத்தியம்
சும்மா இருப்பது.
விரலை முதல் கணு வரை மண்ணில் விட வேண்டும்,
ஈரம் ஒட்டினால் திரும்பிப் போக வேண்டும்.
திரும்பிப் போனேன்.
மூன்று நாள் திரும்பித் திரும்பிப் போனேன்.
கழுவிய பாத்திரத்தையே கழுவினேன்.
தம்ளர் கையில் இருந்தால்
கால் அந்த அறைக்குத்தான் போகிறது என்று
தம்ளரை விஜிலாவிடம் கொடுத்து வைத்தேன்,
காரணம் சொல்லாமல்.

மஞ்சளான இலை தெளியவில்லை.
பிள்ளைகள் மாதிரி இல்லை இது,
எந்த விளக்குக்கும் திரும்பி வராது, உதிரும்.
ஆனால் அதற்கு மேலே,
கல்லுப்பு அளவில் இரண்டு மடிப்பு,
கறுப்பு என்று சொல்லக்கூடிய பச்சை.
ஏழு கிண்ணத்தில் பார்த்துவிட்டேன்.
எட்டாவது நிற்கிறது,
வளரவும் இல்லை, வாடவும் இல்லை.
அதன் மேல் மருத்துவமனை லேபிள் ஒன்றை ஒட்டி
பென்சிலில் எழுதியிருக்கிறேன்:
ரிசல்ட் பெண்டிங்.