பேய்ப் பெரட்டு

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லியூவின் கடையில் எனக்கு வேலை.
ஜப்பான்காரர்கள் வேண்டாமென்று விட்டதெல்லாம்
கப்பலேறி இங்கே வரும்:
கிண்ணம், கிமோனோ, கால் உடைந்த பொம்மை,
யாரோ ஒரு குடும்பம் சிரிக்கும் படம்கூட.
தூசி தட்டி விலை ஒட்டுவேன்.

இன்று பீங்கான் தட்டுகளுக்கு அடியில்
ஒரு படப்புத்தகம்.
செல்லரித்த ஓரம். மீன்வாடையா கற்பூரமா
என்று பிரிக்க முடியாத ஒரு வாசம்.
அட்டையில் நான்கே எழுத்து.
லியூ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்:
"நூறு. பேய். ராத்திரி. நடை.
அஞ்சு வெள்ளி போடு."

"பேய்களுக்கும் பெரட்டா!" என்றாள் தவமலர்.

ஒற்றைக் காலில் குதிக்கிறது ஒரு குடை,
நடுவில் ஒரே கண், தொங்கும் நாக்கு.
பின்னால் தேய்ந்த செருப்பு,
பல்லிளிக்கும் தேநீர்க் கெண்டி.
நூறு வருஷம் உழைத்துக் குப்பைக்குப் போன சாமான்கள்
உயிர் வந்து ஊர்வலம் போகின்றனவாம்.
தவமலரின் கைப்பேசி
தப்புந்தவறுமாய்த் தமிழில் சொன்னது.
"அப்படின்னா நம்ம கடை
ராத்திரியில என்ன கதியாகும்?"

குளியலறை அழுக்கை நக்கித் தின்னும் ஒரு பொடியன்.
"இவன எங்க ஃபிளாட்டுக்கு அனுப்பு,
வாடகை வாங்க மாட்டேன்."
கழுத்து நீண்டு நீண்டு வேலி தாண்டும் ஒரு பெண்.
தெரிந்த முகம் என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.

முகமே இல்லாத ஆள் வந்தபோதுதான்
சிரிப்பு நின்றது.
அவித்து உரித்த முட்டை மாதிரி.
அப்பாவின் சிவப்பு அட்டை நினைவுக்கு வந்தது.
இங்கேயே பிறந்தவர்.
பதிவிலாகாவில் நாற்பது வருஷம் படிவம் நிரப்பினார்.
கவுண்டரிலிருந்து நிமிர்ந்தவர்களுக்கு
இப்படித்தான் தெரிந்திருப்பார் போல.

அடுத்தது ஆற்றுப்பேய்.
ஆமை முதுகு, தவளைக் கால்,
உச்சந்தலையில் ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீர்.
அந்தத் தண்ணீர்தான் அதன் பலம்.
ஆளை இழுக்கும், குதிரையை இழுக்கும்.
ஆனால் மரியாதை தெரிந்த பேய்;
எதிரில் நின்று குனிந்தால் போதும்,
பதிலுக்குக் குனியும்.
தண்ணீர் சிந்திவிடும்.

வெகுநேரம் அதையே பார்த்திருந்தேன்.
கிராணி வந்தால் குனிந்தார்கள்.
துரையின் கார் போனால் குனிந்தார்கள்.
கார் கிளப்பிய தூசிக்கும் குனிந்தார்கள்.
சயாம் ரயிலுக்கு ஆள் பிடித்தபோது
இந்தப் புத்தகத்து ஊர்க்காரன் முன்னால்
இடுப்பொடியக் குனிந்தார்கள்.
என்னவெல்லாம் சிந்தியதோ அந்தச் செம்மண்ணில்.

கை நடுங்கி விலைச்சீட்டு
குடைப்பேயின் கண்ணில் ஒட்டிக்கொண்டது.
உரித்தால் கண்ணும் கூடவே வந்தது.
அஞ்சு வெள்ளியை நானே கல்லாவில் போட்டேன்.

கடை அடைக்கையில் மழை.
என் பச்சைக் குடையில் அந்தக் கண்ணை ஒட்டி நடந்தேன்.
பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் நிலையம்.
அப்பால் செம்பனை. அதற்கும் அப்பால் இருட்டு.
இருட்டுக்குள் யாரோ பேர் கூப்பிடுகிறார்கள்,
பழனியாயி, ரெங்கன், அஞ்சலை...
மங்குகள் உருளும் சத்தம், வாளியோடு வாளி இடிக்கும் சத்தம்,
எல்லாவற்றுக்கும் கால் முளைத்திருக்க வேண்டும்.

என் பேரும் வந்தது.
குனியவில்லை.
"இருக்கேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

குடைதான் கையில் ஒருமுறை துள்ளியது.
காற்றாகவும் இருக்கலாம்.