பதினாறாம் குழி

குழியை நகர்த்துவது என் வேலை.
என் தங்கை நெரெய்தாவே நம்பமாட்டாள்.
"குழிக்குக் கால் முளைத்திருக்கிறதா?" என்பாள்.
முளைத்திருக்கிறது.
என்னுடையவைதாம், வலது முட்டி வீங்கியவை.

விடிய ஒரு மணி இருக்கும்போது
பனி ஈரத்தில் வெட்டியை அழுத்தித் திருகுவேன்.
ஒரு சாண் மண் உருளையாக எழும்பி வரும்,
தலையில் புல்லோடு, கேக்குத் துண்டு மாதிரி.
அதைத் தூக்கிப்போய் நேற்றைய குழியில் அடைப்பேன்.
இன்று தோண்டியது நேற்றைக்கு மூடி.
பதினெட்டுத் தடவை.
பிறகு கொடிகளை நட்டுவிட்டுக் காப்பி.

போர்ட்டோ ரிகோவின் வடகரை.
அலைக்கும் வில்லாக்களுக்கும் நடுவே
சீப்பு வைத்து வாரிய பச்சை.
எங்கள் மேட்டுத் தெருவில்
செவ்வாயும் வெள்ளியும்தான் தண்ணீர்.
இங்கே புல் தினமும் குளிக்கிறது, இருமுறை.
பன்னிரண்டாம் குழியருகே ஓர் இகுவானா
சந்தா கட்டாமல் வெயில் காய்கிறது.
அதை விரட்டுவதும் என் வேலை என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.
நான் இன்னும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

ஒன்பதாம் வில்லாவில் ஹால்வர்சன்.
மினசோட்டாவில் முப்பது வருடம் பல் பிடுங்கியவர்.
தன் பந்துகளில் பச்சை மையால்
ஒரு கடைவாய்ப்பல் வரைந்து வைப்பார்,
வேர் இரண்டோடு.
சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும்
பதினாறாம் மேட்டின் விளிம்பில் நின்று
ஒரே ஒரு பந்தைக் கடலுக்குள் அடிப்பார்.
"வாடகை, ஓடாலிஸ்" என்பார் என்னைப் பார்த்து.
"இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறோமே."
பதினோரு வருடம். மழை நாளிலும், குடையோடு.

போன மார்ச்சில் இதயத்தைப் பார்க்க ஊருக்குப் போனார்.
திரும்பி வந்தது அவருடைய மட்டைப் பை மட்டும்.

டிசம்பரில் கடல் மூன்று இரவு தூங்கவில்லை.
நான்காம் காலை வெட்டியோடு போனேன்.
பதினைந்து இருந்தது.
பதினேழு இருந்தது.
நடுவில் காற்று இருந்தது.
கொடி, கிண்ணம், முந்தாநாள் நான் அடைத்த மண்,
எல்லாவற்றையும் கடித்துக்கொண்டு போயிருந்தது.
கடிவாய் சிவப்பாக, ஈரமாக,
அறுந்த குழாய் ஒன்று அதிலிருந்து
இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, கடலுக்கு.

கீழே மணலெங்கும் பந்துகள்.
தோல் உரிந்தவை, பாசி பிடித்தவை,
ஒன்றுக்குள் நத்தை குடிவந்திருந்தது.
பொறுக்கினேன். வாளி நிறைந்தது.
தேய்த்துப் பார்த்தால், சிலவற்றில்,
மங்கலாக ஒரு பல்.

கொரின் ஹால்வர்சன் இரவு உடையிலேயே கதவைத் திறந்தாள்.
வாளியைப் பார்த்தாள்.
ஒன்றை எடுத்தாள், கட்டைவிரலால் தடவினாள்,
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"நாற்பத்தியெட்டு" என்றேன். எண்ணியிருந்தேன்.
அவள் அந்த ஒன்றையும் திரும்ப வாளியில் போட்டாள்.
"கொடுத்த வாடகையைக் கேட்டு வாங்குவார்களா?
அங்கேயே போட்டுவிடு."
பிறகு, கதவை மூடப் போனவள்:
"எத்தனை என்றாய்?"

மதியம் மேலாளர் ஃபிகெரோவா
வரைபடத்தைக் காரின் மூக்கில் விரித்தார்.
பதினாறை உள்ளே தள்ளவேண்டுமாம், அறுபது அடி.
அடுத்த வருடம் இன்னும் அறுபது, தேவைப்பட்டால்.
விரல் போய்க்கொண்டே இருந்தது,
ஐந்தாம் வில்லாவின் நீச்சல்குளம் தாண்டி,
வேலி தாண்டி.
வேலிக்கு அப்பால் தாள் வெறும் வெள்ளை.
அங்கேதான் எங்கள் தெரு.
"இது மண் பிடிக்குமா?" என்று கேட்டார்.
பிடிக்கும், சார், என்றேன்.
கேட்டதற்குப் பதில் சொல்லும் வாய் எனக்கு.

பந்துகளைத் திருப்பிக் கொட்டிவிட்டேன்.
நாற்பத்தியேழு.
ஒன்று என் பையில் கிடந்து
நடக்கும்போதெல்லாம் சாவியோடு பேசிக்கொண்டு வந்தது.
மேடேறும்போது வேகமாக நடந்தேன்.
வெள்ளிக்கிழமை.
ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்.