நோட்டீசுக்கான திகதிகள்

காகிதம் வெட்டும் இரைச்சல் ஓய்ந்த இடைவெளியில்
சேவியர் அண்ணை கேட்டார்:
"நாலு நாடகமும் நிச்சயமோ, தங்கச்சி?
போன வருசமும் நாலெண்டுதான் அடிச்சனாங்கள்.
ரெண்டுதானே நடந்தது."

இரண்டரை, என்று திருத்தினேன்.
மூன்றாவதில் கரண்ட் போனபோது
அரசன் இன்னும் செத்திருக்கவில்லை.
இருட்டில் எழும்பி, முடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டான்.

இந்த முறை கலண்டரை விரித்தது நான்.
நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாள், ஒரு கோடு.
யாகப்பர் பெருநாளுக்கு ஒன்று,
எங்களில் பாதிப் பேர் குருநகர்.
பரீட்சை எப்போது தள்ளிப்போகுமோ, அதற்குப் பென்சில் கோடு.
கார்த்திகை மாரிக்கு, தகரக் கூரையின் சார்பில், நீளமாக ஒன்று.
வெள்ளையாய் மிஞ்சியவை பதினொரு சனிக்கிழமைகள்.
அதில் மூன்றில் சுகிர்தனுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
வெளிச்சம் போட அவனை விட்டால் ஆளில்லை.

பங்குனியில் 'கல்லும் நூலும்'.
காணி அளக்க வந்தவனுக்கும்
கிணற்றுக்குள் கிடந்த எல்லைக் கல்லுக்கும் இடையில் வழக்கு.
கல்லாக வருபவன் மதுரன்.
வசனம் இல்லை. ஒன்றரை மணி நேரம் அசையக் கூடாது.
அவனுக்குத்தான் ஒத்திகை அதிகம்.

ஆனியில் 'தவணை'.
பாசையூர் வாசலொன்றில் கடன் அறவிட வந்து நிற்பவன்
றொசாந்தன்.
பகலிலும் அவனுக்கு அதே வேலை.
லீசிங் கம்பெனிச் சட்டை, அதே பை, அதே பேனை.
உடுப்புச் செலவு மிச்சம் என்று கணக்கில் எழுதிவைத்தேன்.
கடன்பட்டவள் ஜெனோவா,
நெத்தலி காயவைத்த கையோடு ஒத்திகைக்கு வருபவள்.

மூன்றாம் நாள்
"காசு தராமல் நான் போகமாட்டன்" என்று
அவன் வாசலில் குந்த வேண்டும்.
குந்தவில்லை. நின்றான்.
வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். மீண்டும் கொடுத்தேன்.
"தெரியும் அக்கா," என்றான்.
"நேற்றும் சொன்னனான். இவவிட்டைத்தான்."

பழைய ஐஸ் பக்டரிச் சுவரில்
உப்பு வியர்த்துக்கொண்டிருந்தது.
ஜெனோவா சிரித்தாள். பிரதியில் சிரிப்பு இல்லை.
கதவு வாங்கக் காசு சேராத
வெறும் நிலைக்குள்ளிருந்து
ஒரு கதிரையைத் தூக்கி வந்து போட்டாள்.
"இருங்கோ தம்பி.
நாடகத்தில எண்டாலும் இருந்து கேளுங்கோ."

நெறியாளர் வெட்டச் சொல்லவில்லை.
நான் ஓரத்தில் குறித்தேன்: கதிரை, ஒன்று.

புரட்டாதிக்கு 'காகங்களின் மாநகரசபை', சிறுவருக்கு.
எட்டுக் காகம். செட்டை தைக்கப் பதினாலு தாய்மார்.
ஐப்பசியில் வருவது இன்னும் எழுதப்படவில்லை.

"பேரில்லாததை எப்பிடி அடிக்கிறது?"
"ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கோ, அண்ணை."
"வெறும் இடத்துக்கும் அதே காசு."
"தெரியும்."

கடைசி வரியில் அவர் கண்ணாடி நின்றது.
'கதிரை கொண்டு வரவும்.'
"ரிக்கற்றுக்கும் காசு, கதிரையும் நாங்களோ?"
எங்களிடம் இருந்தவை நாற்பது.
இப்போது முப்பத்தொன்பது. ஒன்று நடிக்கப் போய்விட்டது.
அவர் யோசித்தார்.
கால் வெடித்தது ஒன்று வீட்டில் கிடக்காம்.
சுவரோரம் போடலாம், என்றேன்.

மை காயாத ஐந்நூறையும் கரியரில் கட்டி
ஆஸ்பத்திரி வீதியால் மிதித்தேன்.
லீசிங் கம்பெனி வாசலில்
ஹெல்மெற்றோடு நின்றான் றொசாந்தன்.
ஒன்று கொடுத்தேன்.
தன் பெயரை வாசித்தான். இன்னொன்று கேட்டான்.

"ஜெனோவா அக்காவுக்கு.
இண்டைக்கு அந்தப் பக்கம்தான்."

இரண்டையும் மடித்து
பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குள் வைத்தான்,
அவளுடைய பக்கத்தில்.