துணைக்கால்

லயத்துக்கும் லாயத்துக்கும்
ஒரு கால்தான் வித்தியாசம்.
துணைக்கால் என்பார் டீச்சர்.
'எங்கள் லாயத்தில் பத்து வீடுகள்' என்று எழுதி
சிவப்பு மையில் வட்டம் வாங்கினேன்.

கந்தப்பளை வளைவில்
கொழுந்து ஏற்றிய டிராக்டர் பெட்டி கவிழ்ந்து
இடது முழங்காலுக்குக் கீழே
எனக்கும் அது குறைந்தது.
அந்தக் கதை வேறு நாளைக்கு.

இப்போது நுவரெலியா பேல் பஜாரில்
பழைய கோட்டுகளுக்கு ஸிப் மாற்றுகிறேன்.
திங்கட்கிழமை விடியலில்
பந்தயத் திடலின் ஓரம், கோவாப் பெட்டி இரண்டின் மேல் நின்று
வலப்பக்கத்தால் பிஸ்கட்டின் மேல் ஏறுகிறேன்.
ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரை.
ஏப்ரலில் கொழும்புப் பிள்ளைகளைச் சுமந்து
ஏரிக்கரையில் மொபைலுக்குப் பொறுமையாய் நிற்கும்.
கடிவாளம் பிடிப்பவன் துவான் சாஹிர்,
இருபது வயது, முதலாளிக்குப் பயம்,
என்னைவிடக் குளிரில் நடுங்குவான்.

முதல் நாள் ஜெய்ப்பூர்க் காலோடு ஏறினேன்.
அது அங்கவடிக்குள் போனதும் தெரியவில்லை
வழுக்கியதும் தெரியவில்லை.
குனிந்து பார்த்தால்தான் தெரியும்.
குனிந்தேன்.
நான் புல்லில் கிடக்க
சப்பாத்தோடு என் கால் தனியே சவாரி போனது
திடலின் மறுமுனை வரைக்கும்.
கரட் லொறிக்காரன் ஒருவன் இறங்கிக் கும்பிட்டான்,
யாரை என்று கேட்கவில்லை.

கட்டிவிடு என்றேன் சாஹிரிடம்.
சேணத்தோடு சேர்த்து, நைலோன் கயிற்றால்.
"குதிரை விழுந்தா, அக்கா?" என்றான்.
அதற்குமேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பத்து வருசமாய் அறுந்ததைத் தைக்கிறேன்.
அறுவதற்கென்று தைத்தது இதுதான் முதல்.
தொடைக்கடியில் யாரோ வெள்ளைக்காரியின் கோட்டு உள்மயிர்,
முன்னால் பிடிக்க ஒரு சூட்கேஸ் கைப்பிடி,
தொடையைச் சுற்றி வெல்க்ரோ.
சாய்ந்தால் பிடிக்கும்,
விழுந்தால் விடும்.
எவ்வளவு அகலம் என்று அறிய
மெத்தைமேல் முப்பது தடவை விழுந்தேன்.
கீழ்வீட்டு ருக்மா வந்து
பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

அப்படியும் சேணம் வலப்பக்கம் சரிந்தது.
இடப்பக்கத்துக்குக் கனம் வேண்டும்.
ஒரு கால் எத்தனை கிலோ?
ஆஸ்பத்திரியில் யாரும் நிறுத்துச் சொல்லவில்லை.
தோட்டத்துத் தராசு என்றால்
சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்து
இரண்டும் இருந்த காலத்திலேயே
ஒன்றுக்குத்தான் பேர் போட்டிருப்பார்கள்.
மூன்று கிலோ மணலைப் பையில் தைத்துத் தொங்கவிட்டேன்.
பிஸ்கட் இடப்பக்கம் கோணி நடந்தது.
ஒரு பிடி எடுத்தேன்.
இன்னொரு பிடி.
மூன்றாவது பிடியில் அதன் முதுகெலும்பு
என் முதுகெலும்புக்கு நேர் கீழே வந்து நின்றது.
ஒரு தராசு என்னிடம் பொய் சொல்லாதது
அன்றைக்குத்தான்.

இறுக்காதே என்று உடம்புக்குச் சொல்ல
நாலு கிழமை எடுத்தது.
பயந்தால் இறுக்குவேன்,
இறுக்கினால் ஓடச் சொல்கிறாள் என்று அது நினைக்கும்,
ஓடினால் இன்னும் பயப்படுவேன்.

இன்று மூடுபனி. ஜெய்ப்பூர்க் கால் வேலியில்.
பிஸ்கட் நடக்கிறது, என் இடுப்பும் கூட நடக்கிறது,
வலது, இடது,
இடது என்றதும் இல்லாத பாதம் அரிக்கிறது.
சொறிய இடமில்லை, சிரிக்கிறேன்.
துணைக்கால் நான்கு எனக்குக் கீழே.

பதுளை வீதியில் ஒரு ஓட்டோ வெடித்தாற்போல் இரைய
பிஸ்கட் பக்கவாட்டில் துள்ளியது.
வானம் சாய்ந்தது.
சர்ரென்று வெல்க்ரோ பாதி பிரிந்து
மீதிப் பாதியில் யோசித்தது.
கைப்பிடி கையில். மூச்சை விட்டேன்,
இடுப்பைக் கனமாக்கினேன், மணல்போல.
பிஸ்கட் ஒரு தும்மல் தும்மி
நடுக்கோட்டுக்குத் திரும்பியது.

சாஹிர் ஓடி வருகிறான், முகம் வெளுத்து.
எனக்கு ஒன்றுமில்லை, போ,
தூறுகிறது பார்,
வேலியில் கால் நனைகிறது,
எடுத்து உள்ளே வை.
எனக்கு இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.