இருக்கட்டும்

டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கினேன்.
கறுப்புப் பை.
பைக்குள் கேபிள், கேபிளைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை,
உறையின் வாயில் ஒட்டுநாடா
மூன்று வருஷமாகப் பிரியாமல்.

சிங்கசந்திரா, ஓசூர் ரோட்டின் சர்வீஸ் ரோடு,
மூன்றாம் எண் பே.
லேப்டாப்பை மாட்டிவிட்டால்
எந்த வண்டியும் என்னிடம் பொய் சொல்லாது.
இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்.
சுவரிலிருந்து குடித்த மின்சாரம்
பூஜ்யம்.
விளம்பரத்தில் லிட்டருக்கு அறுபது ஓடுகிற வண்டி
டாக்டர் பெல்லியப்பாவின் கையில்
பதினொன்று.

அவருக்கு ஜெயநகர் நான்காம் பிளாக்.
ஆஸ்பத்திரி எட்டே கிலோமீட்டர்.
பேட்டரி மட்டுமே ஐம்பது போகும்.
"பிளக் பாயிண்ட் இல்லையா சார்?"
"இருக்கே. கார் நிக்கற தூணுலயே இருக்கு."
"அப்புறம்?"
"பெட்ரோல்தான் இருக்கேம்மா."
வருஷத்தில் இரண்டு தடவை மடிக்கேரி போவாராம்.
அந்த இரண்டு தடவைக்காக
மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும்
டேங்க் நிறைந்தே இருக்கிறது.

ஹரிணாக்ஷி ஷெட்டிக்கு டேங்க்கே கிடையாது.
பேஸ்மெண்டில் ஒரு பாயிண்ட் போட
அசோசியேஷனுக்கு ஏழு கடிதம் எழுதினார்.
தீப்பிடிக்கும் என்றார் செயலாளர்.
லிஃப்ட் நின்றுபோகும் என்றார் பொருளாளர்.
எட்டாவது கடிதத்தை பெஸ்காமுக்கு எழுதித்
தன் பெயரில் தனி மீட்டரே வாங்கிவிட்டார்.
போன டிசம்பரில் கிருஷ்ணகிரி தாண்டிப்
பதினொரு சதவீதம்.
சார்ஜர் இரண்டு; ஒன்று செத்திருந்தது,
மற்றதில் முன்னால் இரண்டு வண்டி.
மகளுக்கென்று எடுத்துப்போன அவரைக்காய்
மூன்று கிலோவையும்
சீட்டிலேயே உட்கார்ந்து உரித்து முடித்தாராம்.
"கஷ்டமா இல்லையா மேடம்?"
"வைப்பர்தான் கீச்சுங்குது. அதைப் பாருங்க."

எச்.எஸ்.ஆர். லேஅவுட் தம்பதி வேறு மாதிரி.
டாக்டருடைய அதே மாடல்,
ஆனால் பல் துலக்குவதைப் போல
ராத்திரி தவறாமல் பிளக்கைச் செருகுவார்கள்.
ஒரு நாள் காலை, ஸ்கூல் வாசலில்,
சும்மா நின்ற வண்டி உறுமத் தொடங்கியிருக்கிறது.
பயந்துபோய் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.
ஒன்றுமில்லை என்றேன்:
தொடாமல் வைத்த பெட்ரோல் பழசாகிவிட்டது,
கெட்டுப்போவதற்குள் வண்டியே எரித்துத் தீர்க்கிறது.
"நாங்க கேக்கவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்,
யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மடிவாளாவில் ஒரு பி.ஜி.,
நான்காம் மாடி, சி கட்டில்.
நான்காயிரத்து ஐந்நூறு.
கல்யாணமாகி இரண்டு வருஷம் நான்கு மாசம்,
பேகூரில் வீடு, பால்கனியில் கொடி,
கொடியில் தேவசகாயத்தின் சட்டைக்குப் பக்கத்தில் என் யூனிஃபார்ம்.
ஆனாலும் ஐந்தாம் தேதி பணம் போய்விடுகிறது.
சண்டை என்று ஏதும் இல்லை.
அவருக்குத் தெரியும்; கேட்டதில்லை.
கேட்டால் என்ன சொல்வேன் என்று
சில்க் போர்ட் சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
சரோஜம்மா மட்டும் போனில் கேட்பார்:
"பிரசன்னா, வேற பொண்ணுக்குக் குடுத்துடட்டுமா?"
"இருக்கட்டும் ஆன்ட்டி."

வண்டி தயாராகி அரை மணி ஆயிற்று.
டாக்டர் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்.
கட்டரை எடுத்தேன்.
ஒட்டுநாடா, பிறகு உறை.
புது ரப்பரின் வாசனை இன்னும் இருந்தது.
நீட்டிப் பிடித்தாலும் கேபிள்
சுருண்டே பழகியதால்
பாம்புபோலத் தரையில் திரும்பத் திரும்பச் சுருண்டது.
ஒரு நுனியைச் செருப்பால் மிதித்துக்கொண்டு
மறு நுனியைச் செருகினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் மூடியின் ஓரத்தில்
ஒரு பச்சைப் புள்ளி
விட்டு விட்டு.

மேஜையில் போன் அதிர்ந்தது.
தேதியைப் பார்த்தேன்.
எடுக்கவில்லை, இன்னும்.